ஒரு சம்பளம், இரண்டு பேர் வேலை

கிறிஸ்தவ மிஷனரி ராபர்ட் கால்டுவெல் 1841ஆம் ஆண்டின் கடைசியில் திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடிக்கு வந்து சேர்ந்தார். 1856இல் லண்டனில் அவருடைய ‘திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம்’ வெளியானது. இடைப்பட்ட காலத்தில் அவர் பார்த்த மற்ற வேலைகளை எழுதினாலே மூச்சு வாங்கும். தேரி மணலுக்கு நடுவே இருந்த ஒரு சிற்றூருக்கு நேர்த்தெரு வகுத்தார், கிணறு வெட்டினார், மரம் நட்டார். 1847இல் கிறிஸ்தவக் கோயிலுக்கு அடிக்கல் போட்டார். சுற்றிலும் இருந்த சபைகளையும் பள்ளிகளையும் மேற்பார்த்தார். ஊர்ச்சபைகளைப் பார்த்துக்கொண்ட உள்ளூர் ஊழியர்களான உபதேசியார்களுக்குப் பாடம் நடத்தினார். மிஷன் தலைமையகத்துக்கு அறிக்கை எழுதினார். இத்தனைக்கும் நடுவே தமிழையும் தெலுங்கையும் கன்னடத்தையும் மலையாளத்தையும், மலைப்பழங்குடிகளின் பேச்சையும்கூட எடுத்து வைத்து ஒப்பிட்டு ஒரு பெரிய இலக்கணம் எழுத நேரம் எங்கிருந்து வந்தது?

மேதை, கடும் உழைப்பாளி என்று சொல்லிவிடலாம். அது பொய்யில்லை. ஆனால் பாதிக் கதைதான். 1844 மார்ச்சில் நாகர்கோவிலில் அவருக்குக் கல்யாணம் நடந்தது. மணப்பெண் எலைசா மால்ட். அந்த ஆண்டிலிருந்து இடையன்குடி மிஷனில் வேலை பார்த்தவர்கள் இரண்டு பேர். மிஷன் சங்கம் ஊழியர் என்று பெயர் எழுதிச் சம்பளம் கொடுத்தது ஒருவருக்கு.

இது கால்டுவெல் குடும்பத்துக்கு மட்டும் நேர்ந்ததில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெளிநாட்டு மிஷன் நடந்த முறையே இதுதான். அமெரிக்க மிஷன் சங்கம் மணமான ஆண்களையே அனுப்ப விரும்பியது. தனி ஆணாகப் போனால் உடம்பு கெடும், மனம் கெடும், அந்நிய ஊரில் பெயரும் கெடும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் நடைமுறை சார்ந்தது. வீட்டுக்குள் இருக்கும் பெண்களோடு வெளி ஆண் உட்கார்ந்து பேச முடியாத ஊர்களில், பெண்களிடம் போகப் பெண் வேண்டும். தனியாக ஒரு பெண்ணைக் கடல் கடந்து அனுப்பச் சங்கங்கள் அப்போது தயங்கின. ஆக, ஊழியருக்கு மனைவியாக ஒரு பெண் வந்துவிட்டால் இரண்டு சிக்கலும் ஒரே கல்யாணத்தில் தீர்ந்தன. அதனால் கப்பல் தேதியை ஒட்டியே கல்யாணத் தேதி குறிக்கப்பட்டது. பிற்பாடு பர்மா மிஷனால் பெயர் பெற்ற அடோனிராம் ஜட்சனும் ஆன் ஹாசல்டைனும் 1812 பிப்ரவரி 5இல் மணந்துகொண்டு பிப்ரவரி 19இல் கப்பல் ஏறினார்கள்.

சங்கத்தின் கணக்கில் மணமானவருக்கு அலவன்ஸ் கொஞ்சம் கூடுதல். குடும்பச் செலவுக்காகக் கொடுத்தது அது, மனைவி பார்க்கும் வேலைக்குக் கூலி இல்லை. ஆனால் அந்த அம்மா போய் இறங்கிய மறுவாரமே பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்குவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். பெரும்பாலும் தொடங்கவும் செய்தார்.

எலைசாவின் தாய் மார்த்தா அப்படி வந்தவர்தான். சார்லஸ் மால்ட்டும் மார்த்தாவும் லண்டன் மிஷனரி சங்கத்தின் சார்பில் 1819இல் நாகர்கோவிலுக்கு வந்தார்கள். அவர்களுக்கு முன்பே அங்கே வந்துவிட்டிருந்த சார்லஸ் மீட், கோயில், பள்ளி, கொஞ்ச நாளில் அச்சகம் என்று பெரிதாக இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். மார்த்தா பெண்பிள்ளைகளுக்குப் போர்டிங் பள்ளி ஆரம்பித்தார். இன்று டதி பள்ளி என்று நாகர்கோவில்காரர்கள் சொல்லும் பள்ளியின் வேர் அதுதான்.

பள்ளி நடத்தப் பணம் வேண்டும். பெண்பிள்ளைக்குப் படிப்பு எதற்கு என்று கேட்ட காலம் அது. பீஸ் கேட்டால் யாரும் வரமாட்டார்கள். சாப்பாடு போட்டு, துணி கொடுத்துத்தான் பிள்ளைகளை வைத்திருக்க வேண்டும். மார்த்தா கையில் இருந்த ஒரு தொழில் இதற்கு வழி திறந்தது. இங்கிலாந்துப் பெண்கள் வீட்டில் பின்னிய லேஸ், நம் ஊர்ப் பேச்சில் ரேந்தை. பள்ளியில் அதைக் கற்றுக்கொடுத்தார். பின்னியதை வெள்ளைக்காரக் குடும்பங்களுக்கு விற்றார்கள். அந்த வருமானம் பள்ளிக்குப் போனது, பின்னியவர்களுக்கும் கூலி கிடைத்தது.

ரேந்தை பின்னுவதைப் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். மடியிலோ முன்னாலோ ஒரு கெட்டியான திண்டு. அதன்மேல் துளையிட்ட மாதிரித்தாள். துளைகளில் குண்டூசி. நூல் சுற்றிய சின்னஞ்சிறு கட்டைகள் டஜன் கணக்கில் திண்டிலிருந்து தொங்கும். இரண்டு கையாலும் கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டு, முறுக்கி, ஊசியைச் சுற்றிக் கொண்டுபோனால் நூல் பூவாகவும் கொடியாகவும் மாறும். ஒரு கட்டை இடம் மாறிவிட்டால் வரிசையே கெட்டது. ஒரு சாண் நீளம் முடிக்கவே பொறுமை வேண்டும். நூல் வெள்ளை. கருப்பட்டி காய்ச்சிய கையோடு அதைத் தொட முடியாது. ஆக ரேந்தை கற்றுக்கொள்ளும் பிள்ளை கை கழுவவும், உட்கார்ந்த இடத்தில் அசையாமல் இருக்கவும், மணி அடித்தால் எழவும் சேர்த்தே கற்றுக்கொண்டது. மிஷன் அம்மாக்களுக்கு அந்த ஒழுங்கு ரேந்தையைவிட முக்கியமாகக்கூட இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

வயலிலும் பனங்காட்டிலும் ஆண்களுக்குச் சமமாக உழைத்த பெண்களின் மகள்களை வீட்டுக்குள் உட்காரவைத்து, சீமாட்டிகளின் சட்டைக்குக் கரை பின்னவைத்தார்கள் என்று இதைக் குறையாகப் பார்க்கிறவர்களும் உண்டு. அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் நாகர்கோவிலும் அடங்கிய அதே காலத்துத் திருவிதாங்கூரில் மனிதர்களை விலைக்கு வாங்கினார்கள், விற்றார்கள். அடிமைக் குடும்பங்களிலிருந்து வந்த பெண்களில் சிலர் ரேந்தையில் சம்பாதித்த காசைக் கொடுத்துத் தங்களையே மீட்டுக்கொண்டார்கள் என்பது மிஷன் பதிவுகளில் இருக்கிறது. அரசு அடிமைமுறையை முழுதாக ஒழித்தது 1855இல். சில பெண்கள் அரசுக்கு முந்திக்கொண்டார்கள்.

ஊசிநூல் விஷயத்தில் இன்னொன்று. சார்லஸ் மீட்டின் மனைவி நாடார் பெண்களுக்காகத் தளர்வான ஒரு மேற்சட்டைக்கு மாதிரி கொடுத்தார். அதை யார் அணியலாம் என்பது தெருச்சண்டையாகி, வழக்காகி, பல பத்தாண்டு நீடித்து, 1859இல் திருவிதாங்கூர் அரசின் அறிவிப்பில் போய் நின்றது. மேல்சாதிப் பெண்கள் அணிவதுபோல இருக்கக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் அந்த அனுமதியும் வந்தது. தையல் வகுப்பை மிஷன் அறிக்கைகளில் ஒரு வரியில் முடித்திருப்பார்கள். அது போட்ட பூகம்பம் அப்படி.

எலைசா பிறந்தது இந்த வீட்டில், 1822இல். அவருக்குத் தமிழ் பள்ளியில் கற்ற மொழி அல்ல, வேலைக்காரர்களோடும் போர்டிங் பிள்ளைகளோடும் பேசி வந்த மொழி. கால்டுவெல்லோ அயர்லாந்தில் பிறந்து, கிளாஸ்கோவில் வளர்ந்து, 1838இல் சென்னையில் இறங்கிய பிறகு முன்ஷி என்ற மொழியாசிரியரை வைத்துத் தமிழ் படித்தவர். ‘வெளிநாட்டில் ஊழியம் செய்யும் தம்பதி’ என்று இந்த இருவரையும் சேர்த்துச் சொல்லும்போது ஒரு தடங்கல் வருகிறது. எலைசாவுக்கு எது வெளிநாடு? நாகர்கோவிலிலிருந்து இடையன்குடிக்குப் போனது, அந்தப் பக்கத்துப் பெண்கள் வாக்கப்பட்டுப் போவதுபோல, தெற்கத்திச் சீமைக்குள்ளேயே ஒரு நகர்வு. திருவிதாங்கூர் எல்லையைத் தாண்டிக் கும்பெனி எல்லைக்குள், லண்டன் மிஷன் குடும்பத்திலிருந்து ஆங்கிலிக்கன் சபையின் மிஷன் சங்கமான எஸ்.பி.ஜி.க்குள் வந்தார், அவ்வளவுதான்.

கணவரின் ஒப்பிலக்கணத்தில் எலைசாவின் பங்கு எவ்வளவு என்று அளந்து சொல்ல வழியில்லை. ஆனால் வழக்குச் சொல் ஒன்றில் சந்தேகம் வந்தால் கேட்க அடுத்த அறையில் ஆள் இருந்தது.

இடையன்குடிக்கு வந்த ஆண்டே எலைசா பெண்களுக்குப் போர்டிங் பள்ளி தொடங்கினார். தாயிடம் கற்ற ரேந்தையையும் கொண்டுவந்தார். இடம்தான் வேறு. நாகர்கோவில் நெல்லும் குளமுமாக இருந்த ஊர், இடையன்குடி பனையை நம்பிய ஊர். பனையேறி ஒருவர் நாளுக்கு இரண்டு முறை, முப்பதிலிருந்து ஐம்பது மரம் வரை ஏறி இறங்கினார் என்று கால்டுவெல்லே எழுதியிருக்கிறார். மரத்திலிருந்து பதநீர் இறங்கிவிட்டால் மீதி வேலை பெண்களுடையது. ஓலையும் சுள்ளியும் பொறுக்கி, அடுப்பு மூட்டி, கிண்டிக் கொண்டே இருந்து, பதம் வந்ததும் சிரட்டையில் ஊற்றிக் கருப்பட்டியாக்க வேண்டும். பதநீர் காத்திருக்காது, புளித்துவிடும். அந்தப் பருவத்தில் பத்து வயதுப் பெண்பிள்ளை ஒன்று வீட்டுக்கு இரண்டு கை. பள்ளிக்கு அனுப்பு என்று கேட்பது அந்த இரண்டு கையையும் கேட்பதுதான். போர்டிங் என்ற ஏற்பாடு ஏன் தேவைப்பட்டது என்பது இங்கே புரியும். பிள்ளை வீட்டில் இருந்தால் அடுப்படிக்குப் போய்விடும். மிஷனரி குடும்பம் இருந்த பங்களா வளாகத்தில் தங்கினால்தான் படிப்பு நடக்கும். அதற்குப் பிள்ளைகளின் சோறு, துணி, காய்ச்சல், பேன், சண்டை, வீட்டு ஏக்கம் எல்லாம் எலைசாவின் தலையில்.

அப்புறம் பங்களா. அது வீடு என்று பெயர்தான். காலை ஜெபமணி அடித்ததிலிருந்து வராந்தா காலியாக இருக்காது. மருந்து கேட்டு வருபவர், பிராது சொல்ல வருபவர், கல்யாணம் பேச வருபவர், அறிக்கையோடு வரும் உபதேசியார். மாதிரிக் கிறிஸ்தவக் குடும்பம் எப்படி இருக்கும் என்று ஊர் பார்க்கவேண்டும் என்பதும் திட்டத்தின் ஒரு பகுதி. கணவனும் மனைவியும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவதுகூட அங்கே ஒரு பாடம். எப்போதும் யாராவது பார்த்துக்கொண்டிருக்கும் வீட்டில் குடித்தனம் நடத்துவது என்ன மாதிரி இருந்திருக்கும் என்று மிஷன் வரலாறு எழுதியவர்கள் அதிகம் கேட்கவில்லை.

யாழ்ப்பாணத்திலும் இதே பங்கீடுதான். அமெரிக்க மிஷனின் மைரன் வின்ஸ்லோ பெயரைச் சொன்னால் 1862இல் வந்த தமிழ்–ஆங்கில அகராதி நினைவுக்கு வரும். அவர் மனைவி ஹாரியட்டின் பெயர் உடுவிலில் 1824இல் தொடங்கிய பெண்கள் விடுதிப் பள்ளியோடு நிற்கிறது. ஹாரியட் 1833இல் இறந்துபோனார், அகராதியைப் பார்க்கவில்லை. அவருடைய தங்கைகள் மூவரும் மிஷனரி மனைவிகளாகவே அதே யாழ்ப்பாணத்துக்கு வந்தார்கள். கணவருக்கு நூல், மனைவிக்குப் பள்ளி. யாரும் உட்கார்ந்து முடிவு செய்த பங்கீடு அல்ல, ஆனால் ஊருக்கு ஊர் அப்படியே விழுந்திருக்கிறது.

சரி, கணவர் சும்மா இருந்தாரா? இல்லை. கால்டுவெல்லின் நாட்களைப் பார்த்தால் ஒரு தாசில்தார், ஒரு தலைமையாசிரியர், ஒரு கொத்தனார் மேஸ்திரி, ஒரு எழுத்தாளர் ஆகிய நான்கு பேரின் வேலை தெரியும். கோயில் ஜன்னல் வளைவுகளைக் களிமண்ணில் தாமே மாதிரி செய்துகாட்டி ஆட்களுக்குப் புரியவைத்தார் என்பார்கள். அடிக்கல் போட்ட கோயில் பிரதிஷ்டையானது 1880இல், 33 ஆண்டு கழித்து. ஒப்பிலக்கணத்துக்குப் பிறகு தமிழ் வேதாகமத் திருத்தக் குழுவில் பல ஆண்டு உட்கார்ந்தார். 1876–78 தாது வருஷப் பஞ்சம் வந்தபோது நிவாரணப் பணம், தானியம், அநாதைப் பிள்ளைகள், கூட்டம் கூட்டமாகச் சபையில் சேர வந்தவர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் வாசலில் நின்றார்கள். அந்த நெருக்கடிக்கு நடுவேதான் 1877 மார்ச்சில் கல்கத்தாவில் அவருக்கு ஆயர் பட்டம். அதே காலத்தில் கொற்கையிலும் காயலிலும் மண்ணைத் தோண்டிப் பழம்பொருள் தேடியும் இருக்கிறார். இதையெல்லாம் படிக்கும்போது எனக்கு வியப்போடு கொஞ்சம் எரிச்சலும் வரும். பஞ்சக் காலத்தில் போர்டிங் பிள்ளைகளுக்குச் சோறு பொங்கியவர்கள் யாரும் கொற்கைக்குப் போயிருக்க மாட்டார்கள்.

மிஷனரி வேலையில் வெளியே தெரியாத பெரும்பகுதி ஒன்று உண்டு: ஊருக்குக் கடிதம் எழுதுவது. பணம் வந்தது இங்கிலாந்துச் சபையாரிடமிருந்து. அவர்கள் காசு போட வேண்டுமென்றால் இங்கே இருள் எவ்வளவு, வெளிச்சம் எவ்வளவு வந்திருக்கிறது என்று விவரமாகச் சொல்ல வேண்டும். இருளை அடர்த்தியாகக் காட்டினால் வெளிச்சமும் பளிச்சென்று தெரியும். கால்டுவெல் 1849இல் திருநெல்வேலி நாடார்களைப் பற்றி ஆங்கிலத்தில் வெளியிட்ட சிறுநூலை இந்தப் பின்னணியில்தான் வாசிக்க வேண்டும். யாரோடு தினமும் பழகினாரோ, யார் கட்டிய கோயிலில் பிரசங்கம் செய்தாரோ, அவர்களையே அறிவில் மந்தமானவர்கள் என்ற தொனியில், வேற்றூரிலிருந்து வந்தவர்கள் என்று எழுதிவைத்தார். கடல் கடந்த வாசகருக்காக எழுதியது ஊருக்குத் திரும்பி வராது என்று நினைத்திருக்கலாம். வந்தது. திருநெல்வேலிச் சீமையின் நாசரேத் மிஷனில் இருந்து பிரிந்த அருமைநாயகம் என்ற சட்டாம்பிள்ளை 1857இல் பிரகாசபுரத்தில் வெள்ளைக்காரர் தலையீடில்லாத தனிச்சபை தொடங்கியதற்கு அந்த நூல் தந்த கோபமும் ஒரு காரணம். 1880களில் எதிர்ப்பு இன்னும் பெரிதானது.

தம்பதி என்றால் யார் என்பதிலும் சங்கங்களுக்குக் கறாரான எண்ணம் இருந்தது. சார்லஸ் மீட் முப்பது ஆண்டுக்கு மேல் தென்திருவிதாங்கூரில் உழைத்தவர். மனைவியை இழந்த பிறகு 1850களின் தொடக்கத்தில் ஒரு தமிழ்ப் பெண்ணை மணந்துகொண்டார். அந்தப் பெண் ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்தவர். சாதி கூடாது என்று மேடைதோறும் பேசிய சக மிஷனரிகளால் இதைத் தாங்க முடியவில்லை. மீட் லண்டன் மிஷனிலிருந்து விலக நேர்ந்தது. திருவிதாங்கூர் அரசு அவரைப் பள்ளிகளுக்கு மேற்பார்வையாளராக வைத்துக்கொண்டது. தமிழ் தெரிந்த மனைவி வேண்டும், ஆனால் தமிழச்சி வேண்டாம். எலைசாவின் தமிழைக் கொண்டாடியவர்களும் இவர்கள்தான்.

கால்டுவெல் தம்பதிக்கு ஏழு பிள்ளைகள். மிஷனரிப் பிள்ளைகளைக் குறிப்பிட்ட வயதில் படிப்புக்காகச் சீமைக்கு அனுப்பிவிடுவது அக்காலத்து வழக்கம். சூயஸ் கால்வாய் திறந்தது 1869இல்தான். அதற்கு முன் கப்பல் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போக நான்கைந்து மாதம் பிடிக்கும். எகிப்து வழியாகத் தபால் வேகமாகப் போகத் தொடங்கிய பிறகும், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒரு கடிதம் வந்து சேரும்போது ஒன்று, பிள்ளை ஓடியாடிக் கொண்டிருக்கும், இல்லையென்றால் அடக்கமே முடிந்திருக்கும். போர்டிங்கில் ஊரார் பிள்ளைகளுக்குப் பேன் பார்த்த தாய்மார் பலர் தங்கள் பிள்ளைகளை வருஷக்கணக்கில் பார்க்காமல் இருந்தவர்கள். தியாகம் என்ற வார்த்தையைப் போட்டு இதை அந்தக் கால அறிக்கைகள் சீக்கிரம் கடந்துவிடும். பிள்ளைகளின் பக்கத்தில் நின்று பார்த்தால் வேறு சொல் வேண்டியிருக்கும்.

எலைசாவின் மகள் இசபெல்லா, ஜே.எல். வையாட் என்ற மிஷனரியைக் கட்டிக்கொண்டார். மார்த்தா, எலைசா, இசபெல்லா என்று மூன்று தலைமுறை. கால்டுவெல் 1891இல் இறந்த பிறகு அவருடைய நினைவுக் குறிப்புகளைத் தொகுத்து 1894இல் வெளியிட்டவர் இந்த மருமகன். எலைசா 1899 வரை இருந்தார். அவருடைய நினைவுக் குறிப்பு என்று தனிநூல் எதுவும் நம் கைக்கு வரவில்லை.

எலைசாவின் பெயர் விடுபட்டது பற்றி இவ்வளவு பேசிவிட்டு, அவருக்குக் கீழே விடுபட்டவர்களைச் சொல்லாமல் போனால் அதுவும் அதே பிழைதான். பங்களாவில் சமைத்தவர், பிள்ளைகளைத் தூக்கி வளர்த்த ஆயா, எலைசா சுகமில்லாதபோது வகுப்பைப் பார்த்துக்கொண்ட மூத்த மாணவிகள். முக்கியமாக, உபதேசியாரின் மனைவிகள். போர்டிங் பள்ளிகளின் ஒரு நோக்கமே உபதேசியார்களுக்கும் வாத்தியார்களுக்கும் படித்த மனைவிகளைத் தயார் செய்வது. படிப்பு முடிந்த பெண்ணை இன்ன ஊர் உபதேசியாருக்குப் பேசி முடிப்பார்கள். அந்தப் பெண் போன ஊரில் தன் வீட்டுத் திண்ணையில் சுற்றுப்புறப் பிள்ளைகளைக் கூட்டி எழுத்து சொல்லிக்கொடுப்பார், பெண்களுக்கு ஜெபம் சொல்லித்தருவார், பேறுகாலத்துக்கு ஓடுவார். சம்பளம் உபதேசியாருக்கு. பங்களாவில் இருந்த அதே கணக்கு, சின்ன அளவில், ஓலைக்கூரை வீட்டுக்கு வந்துவிட்டது.

சங்கங்கள் பிறகு மாறின. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியில் மணமாகாத பெண்களைத் தங்கள் பெயரிலேயே ஊழியராக அனுப்பினார்கள், சம்பளமும் அவர்கள் பெயரில் போனது. மருத்துவர்கள், கல்லூரி முதல்வர்கள் என்று அவர்கள் பெரிய ஆளுமைகளாக வளர்ந்தார்கள். மனைவிகளின் நிலைமை மட்டும் பெரிதாக நகரவில்லை.

திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பக்கத்துச் சபைகளில் ஆயரை ஐயர் என்பார்கள், அவர் மனைவி ஐயரம்மா. மாற்றல் உத்தரவு ஐயர் பெயருக்கு வரும். ஆனால் புதிய சேகரத்துக்கு, அதாவது ஐயரின் பொறுப்பில் வரும் சபை வட்டத்துக்கு, லாரியில் சாமான் இறங்கும்போதே, வெள்ளிக்கிழமை பெண்கள் சங்கத்தை யார் எடுப்பது, ஞாயிறு பள்ளிக்கு யார் பொறுப்பு, சபையார் சேர்ந்து விருந்துண்ணும் அசனப் பண்டிகைக்கு யார் முன்னால் நிற்பது என்பதெல்லாம் முடிவாகியிருக்கும். ஐயரம்மா வங்கியிலோ பள்ளியிலோ சொந்தமாக வேலை பார்க்கிறவர் என்றால், “அம்மாவைக் கூட்டத்துல பாக்கவே முடியலியே” என்று யாராவது ஒரு பாட்டி ஐயரிடம் கேட்டுவிடுவார்.